ஒன்றும் போடாத பாத்தி

என் அக்காள் மகள் தமிழ்நிலா இப்போது ராணுவத்தில் லெப்டினன்ட். தாவரவியலில் முதுநிலைப் பட்டமும் வாங்கியவள். பயிற்சியும் படிப்பும் ஒரே வருடத்தில் முடிந்தன. பாபநாசம் பக்கத்தில் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பட்டத்துக்கு உலை வைக்கப் பார்த்தவன் யார் என்பதை மட்டும் மரியாதைக்காகச் சொல்ல மாட்டார்கள். அது நான்தான். பெயர் தமிழரசன், தொழில் விவசாயம், வாய் கொஞ்சம் நீளம்.

அவள் தஞ்சாவூர்க் கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்தபோதே அக்காள் வேம்பு, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி பூட்ஸு?" என்று சத்தம் போட்டாள். அத்தான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவர். போனிலேயே, "போவட்டும் விடு" என்று சொல்லிவிட்டார். முதுநிலைப் படிப்பில் பாடங்கள் எல்லாம் முடிந்து வயல் ஆய்வு ஒன்றுதான் பாக்கி என்ற நேரத்தில், சென்னையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சிக்கு அழைப்பு வந்தது. அக்டோபரில் சேர வேண்டும். ஆய்வுப் பயிரோ தை மாதம்தான் அறுப்புக்கு வரும். ஏதாவது ஒன்றை விட்டுவிடு என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள்.

"ரெண்டயும் முடிச்சிருவேன் மாமா. நீங்க வயல மட்டும் பாத்துக்குங்க, போதும்" என்றாள்.

ஆய்வு என் வயலில்தான். தார்ரோட்டை ஒட்டிய வயலில் பன்னிரண்டு சின்னப் பாத்தி கட்டி, ஒவ்வொன்றுக்கும் நம்பர் பலகை நட்டு, ஆவணிக் கடைசியில் ஆடுதுறை ரக நெல் நட்டாள். மூன்று பாத்திக்கு யூரியா, மூன்றுக்கு மாட்டெரு, மூன்றுக்குத் தண்ணீரில் மிதக்கும் அசோலாச் செடி. மீதி மூன்றுக்கு ஒன்றுமே போடக் கூடாது. அந்தப் பயிர் எவ்வளவு விளைகிறது என்று பார்த்தால்தான் மற்றவை எவ்வளவு கூடுதலாக விளைந்தன என்று தெரியுமாம். புறப்படும் முன் என்னை வரப்பில் நிறுத்தி மூன்று முறை சொன்னாள். நானும் மூன்று முறை தலையாட்டினேன்.

கார்த்திகை பிறந்ததும் வந்தது வினை. ஒன்றும் போடாத பாத்திகளில் ஏழாம் நம்பர் ரோட்டோரமாக அமைந்துவிட்டது. சுற்றிலும் கரும்பச்சையாக நிற்க, அது மட்டும் வெளிறிப்போய் நின்றது. பக்கத்து வயல் கண்ணுசாமி தினமும் மொபெட்டை நிறுத்தி, "என்ன தமிழரசு, பயிருக்கு மஞ்சக்காமாலையா?" என்பான். ஆய்வு என்று சொன்னால் சிரிப்பான். விவசாயி தன்னைத் திட்டினாலும் பொறுத்துக்கொள்வான். பயிரை ஒரு சொல் சொன்னால் தாங்க மாட்டான். நான் அந்த ஜாதிதான்.

ஒரு காலை வேளையில் என் வயலுக்கு மேலுரம் தெளித்துவிட்டு வரப்பில் வந்தேன். வாளியில் கொஞ்சம் யூரியா மீந்திருந்தது. ஏழாம் நம்பரைப் பார்த்தேன். சோறு போடாமல் தெருவில் நிறுத்திய பிள்ளை மாதிரி நின்றது. கை தானாக வாளிக்குள் போய்விட்டது.

களை பறித்துக்கொண்டிருந்த பூவம்மாள் நிமிர்ந்து பார்த்து, "தம்பி, அது நெலா பாத்தி! அதுல எதயும் போடக் கூடாதுன்னுச்சே!" என்றாள்.

"ரெண்டு கைப்பிடிதாங்க்கா. என்ன ஆயிரப் போவுது" என்றேன்.

பத்து நாளில் பயிர் பச்சை கட்டியது. கண்ணுசாமி வாயை மூடிக்கொண்டான். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்தான்.

தையில் மற்ற வயலுக்கு மிஷின் இறங்கியது. பன்னிரண்டு பாத்தியை மட்டும் பூவம்மாள் அரிவாளால் அறுத்து, தனித்தனியாக அடித்துத் தூற்றிக் கொடுத்தாள். நான் எடை போட்டேன். ஒன்றும் போடாத இரண்டு பாத்தியில் ஏழு கிலோவும் ஏழே காலும் வந்தது. ஏழாம் நம்பரில் பத்தே முக்கால். மறுபடி எடை போட்டுப் பார்த்தேன், அதேதான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவள் கையில் போன் இருக்கும். மற்றவர்கள் துணி துவைத்து, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுத் தூங்கும் அந்தச் சில மணி நேரத்தில்தான் இவள் ஆய்வேடு எழுதினாள். கயிறு ஏறி உள்ளங்கைத் தோல் உரிந்துபோய், இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தாளாம். "எடையச் சொல்லுங்க மாமா" என்றாள். வரிசையாகச் சொன்னேன். ஏழாம் நம்பர் வந்ததும் நாக்கு கூசாமல், "ஏழு கிலோ நூறு" என்றேன்.

"சூப்பர் மாமா! மூணும் ஒண்ணுபோல வந்துருக்கு. ரொம்ப தேங்க்ஸ்" என்றாள். அந்த நன்றி எனக்கு முள்ளாகத் தைத்தது.

இரண்டு வாரம் கழித்து அக்காள் வந்து ஒரே புலம்பல். மூட்டை சுமந்து ஓடும் ஓட்டத்தில் நிலா நாற்பது நொடி பிந்திவிட்டாள். கடிகாரம் பிடித்திருந்த தோழி, "நேரத்தக் கொறச்சு எழுதிக்கிறேன்" என்றிருக்கிறாள். இவள் வேண்டாம் என்று சொல்லி, அடுத்த ஞாயிறு மறுபடி ஓடித் தேறியிருக்கிறாள். "அன்னிக்கி ஒரு வரி எழுத முடியலயாம்டா. பொழைக்கத் தெரியாத பொண்ணு!" என்றாள் அக்காள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பொழைக்கத் தெரிந்த நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்?

அடுத்த ஞாயிறு போன் வந்ததும் முதல் வார்த்தையாகச் சொல்லிவிட்டேன். அழுவாளோ என்று பயந்தேன்.

"என்னிக்குப் போட்டீங்க மாமா?"

"கார்த்திக இருபத்தெட்டு."

"எவ்வளவு?"

"ரெண்டு கைப்பிடி."

"உங்க கைப்பிடி எத்தன கிராம்? எடை போட்டுச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள். அதட்டவே இல்லை. அதட்டியிருந்தால் தேவலை.

மளிகைக் கடைத் தராசில் யூரியாவைப் பத்து முறை அள்ளி அள்ளி வைத்தேன். சராசரி எழுபது கிராம். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அவளுக்கு வழிகாட்டி அதிராம்பட்டினத்துக்காரரான பேராசிரியர் ஹலீமா. நிலா அவருக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். ஏழாம் நம்பரைக் கணக்கிலிருந்து நீக்கி, காரணத்தையும் ஆய்வேட்டில் எழுதச் சொன்னார் அவர். ஆனால் மூன்றுக்கு இரண்டு பாத்திதான் மிச்சம். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் இது போதாது என்றால், அடுத்த சம்பாவில் மறுபடி நட வேண்டும். அடுத்த சம்பாவுக்கு இவள் எந்த எல்லையில் நிற்பாளோ! பட்டம் அவ்வளவுதான். அந்த இரண்டு மாதம் நான் போகாத கோயில் இல்லை.

ஏப்ரலில் பயிற்சிக்கு இடைவிடுமுறை. அதற்குள் வாய்மொழித் தேர்வை வைத்தார்கள். யாரும் வந்து உட்காரலாம் என்றார்கள். கஞ்சி மொடமொடக்கும் வேட்டி கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நிலா கறுத்து, மெலிந்து, கம்பி மாதிரி நின்றாள். பேச்சில் ஒரு தடுமாற்றம் இல்லை.

தேர்வாளர் நரைத்த மீசைக்காரர். பக்கத்தைப் புரட்டி, "ஏழாம் பாத்தியில் எடை ஏழு கிலோ நூறு என்றே விட்டிருக்கலாமே. எனக்குத் தெரிந்திருக்காதே?" என்றார்.

"எனக்குத் தெரியும் சார்" என்றாள் அவள்.

"உரம் போட்டவர் யாரம்மா?"

நிலா திரும்பி என்னைப் பார்த்தாள். எழுந்து நின்றேன்.

"ஏன் போட்டீங்க?" என்றார்.

"பசியோட நிக்குற பயிரப் பாத்துட்டு வெறுங்கையா நடக்க முடியலைங்கய்யா. தப்புதாங்க. பொய் சொன்னது அதவிடப் பெரிய தப்புங்க. தண்டனைய எனக்குக் குடுங்க, புள்ளைக்கு வேணாம்" என்றேன்.

அறையில் யாரும் சிரிக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லோரையும் வெளியே இருக்கச் சொன்னார். கால் மணி நேரம் நானும் அவளும் வராந்தாவில் நின்றோம். பிறகு ஹலீமா அம்மா கதவைத் திறந்து, "தேறிட்டா" என்றார். இரண்டு பாத்தியின் கணக்கே போதும் என்று தேர்வாளர் எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

அக்காள் மகளின் காலில் விழ முடியாது, விழுந்திருப்பேன். "மன்னிச்சிரு நெலா" என்றேன்.

அவள் ஆய்வேட்டைப் பிரித்து முதல் பக்கத்தை ஹலீமா அம்மாவிடம் நீட்டி, "மாமாவுக்குப் படிச்சுக் காட்டுங்க மேடம்" என்றாள். இங்கிலீஷில் இருந்த நன்றியுரையை அவர் தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "பன்னிரண்டு பாத்தியையும் கையால் அறுத்த பூவம்மாளுக்கு நன்றி. கேட்காமலே உண்மையைச் சொன்ன என் தாய்மாமன் தமிழரசனுக்கு நன்றி. அவர் சொல்லியிருக்காவிட்டால் இந்தப் பட்டம் பொய் என்று தெரியாமலே நான் வாழ்ந்திருப்பேன்."

கல்லூரி வராந்தா, நாலு பேர் பார்க்கிறார்கள் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. நின்ற இடத்திலேயே வாய்விட்டு அழுதேன்.