ஜஹீதாவின் நகராத சைக்கிள்

மிதிக்கட்டையில் கால் வைக்கும் முன் ஜஹீதா குனிந்து, முன்சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிடுகிறார். அது ஓடத் தொடங்கிய பிறகுதான் கால் இறங்கும். நிறுத்துவதும் அப்படியே, உள்ளங்கையைச் சக்கரத்தின்மேல் வைத்துவிடுவார். அடையாறில் பெண்களுக்கென்று நடக்கும் காலை வகுப்பில், நின்ற இடத்திலேயே ஓடும் சைக்கிள்கள் பத்து. இந்த முறையில் ஓட்டுபவர் அவர் ஒருவர்தான்.

“கைய எடுங்கம்மா! விரல் போயிடும்!” என்று மைக்கில் அலறுவாள் பயிற்சி தரும் அன்புச்செல்வி.

“முப்பத்தஞ்சு வருசமா தையல் மிஷின இப்டிதான் நிறுத்திக்கினு கீறேன். எண்ணிக்கோ பாப்பா, பத்தும் கீது.”

சைதாப்பேட்டையில் வீட்டிலேயே ரவிக்கையும் சேலைக்கு ஃபால்ஸும் தைப்பவர் அவர். முதல் நாள் விளக்குகளை அணைத்துப் பாட்டைப் போட்டதும், “கரண்ட் போச்சா? அப்ப பாட்டு எப்டிமா பாடுது?” என்று கேட்டார். சீட்டின் உயரம் இடுப்பெலும்புக்கு நேராக இருக்கவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். தினமும் அளக்க முடியுமா என்று, தையல் சாக்பீஸால் கம்பியில் கோடு போட்டுவிட்டார். முன்னால் ஓட்டுபவர்களின் உடைத் தையலை விட்டுக் கண் நகராது. “ஜுவேரியா, நீ இன்னிக்கு எழுந்து நின்னு மிதிக்காத. பேன்ட்டு சைடு பிரியப் போவுது. நாளைக்கு எடுத்தாந்து குடு, ரெட்டைத் தையல் போட்டுத் தரேன்.”

போன வருஷம் கணவர் அப்துல் கரீம் மவுத்தான பிறகு, கணவனை இழந்தவர் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தாவை நான்கு மாதமும் பத்து நாளும் இருந்தார். வாசலைத் தாண்டவில்லை. தைக்கவும் தோன்றவில்லை. அது முடிந்து முதன்முதலாகக் கீழே இறங்கியபோது இடது முழங்கால் மடங்க மறுத்தது. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஐம்பத்து நான்கு படி. தொடைக்குப் பலம் வர சைக்கிள் மிதிக்கச் சொன்னார் டாக்டர். மகன் ஹம்மாத் அதற்குள் சோழிங்கநல்லூரில் லிஃப்ட் உள்ள தன் வீட்டில் ஓர் அறையை ஒழித்து வைத்துவிட்டான்.

“நடுவுல உக்காராம மூணு மாடி ஏறிக் காட்டும்மா, நான் வாயே தொறக்க மாட்டேன். மூணு மாசம் டைம். முடியலைன்னா மிஷினோட வந்துடணும்.”

“அவரு பக்கத்துல ஸ்டூல் போட்டு ஒக்காந்து எனக்குக் கொக்கி தெச்சுக் குடுத்த வூடு நைனா இது,” என்றார் ஜஹீதா. அதைச் சொன்னது அந்த ஒருமுறைதான். மறுநாள் வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

முதல் வாரம் எட்டாவது நிமிடத்தில் இறங்கிச் சுவரோரம் உட்கார்ந்தார். பிறகு பதினைந்து. பிறகு அரை மணி. ஆனால் “மேடு வருது, மிதி கனக்குற மாதிரி திருகாணிய இறுக்குங்க, எழுந்து மிதிங்க!” என்று அன்புச்செல்வி சொன்னதும் ஒன்பது தலைகள் உயரும், இருட்டில் ஒன்று மட்டும் தாழ்ந்தே இருக்கும். யாராவது திரும்பிப் பார்த்தால், “இன்னா பாக்குற? மேல காத்து நல்லா வருதா?” என்பார். பத்தாவது வாரத்தில் ஒருநாள், பல்லைக் கடித்துக்கொண்டு பாதிப் பாட்டுக்கு எழுந்து நின்று மிதித்தார். அன்புச்செல்வி மைக் கையில் இருப்பதை மறந்து விசிலடித்தாள்.

மூன்று மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஹம்மாத் வந்தான். ஜஹீதா முன்னால் ஏறினார்; விழுந்தால் பிடிக்கலாம் என்று அவன் பின்னால். முதல் மாடியில் கைப்பிடியைத் தொட்டார், நிற்கவில்லை. இரண்டாவது மாடியில் மூச்சு பலமாகக் கேட்டது, கால் நிற்கவில்லை. மூன்றாவது மாடியில், எதற்கும் இருக்கட்டுமென்று எதிர்வீட்டு ரத்னா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வைத்திருந்தாள். ஐந்து படி பின்தங்கி வந்த ஹம்மாத், சுவரைப் பிடித்தபடி வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

ஜஹீதா உட்காரவில்லை. இடது காலை ஊன்றி நின்றுகொண்டு, வலது காலால் நாற்காலியை மகன் பக்கம் தள்ளினார்.