மமாது தாத்தாவின் பெயர்

பாரிஸின் லா ஷப்பேல் பகுதியில் பெயருக்கு ஒரு தமிழ்க் கடைகூட இல்லாத காலத்திலேயே ஜெனவியேவின் குடும்பம் அங்கே குடியிருந்தது. அவருடைய தாய்வழித் தாத்தா மமாது செனகல் நாட்டுக் கறுப்பர். பட்டாளத்தோடு பிரான்சுக்கு வந்து, 1921 முதல் ரயில்வே மண்டியில் நிலக்கரி மூட்டை சுமந்தவர். துரை வீட்டு ஆயாவாகப் பாண்டிச்சேரியிலிருந்து வந்த லூர்துமேரியைக் கட்ட ஞானஸ்நானம் வாங்கி ஜோசப் மமாது ஆனார். முதுகு ஒடிய உழைத்து ஆறு பிள்ளைகளை ஆளாக்கினார்.

அந்த மனிதரைச் சொல்லத்தான் வீட்டில் மற்றவர்களுக்கு நாக்கு கூசியது. ஜெனவியேவின் அண்ணன் லாசர், "தாத்தா காரைக்கால் தமிழ்ச் சிப்பாய்" என்று ஊரெல்லாம் அளந்துகொண்டு திரிந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. சீ!

2012 நவம்பர், கல்லறைத் திருநாள். வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தால் சாமியார் பூசையில் வாசிப்பார். தபால் இலாகாவில் முப்பது வருடம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து ஓய்வுபெற்ற ஜெனவியேவ் அழகான கையெழுத்தில் ஒன்பது பெயர் எழுதினார். முதலில் தாத்தா. சாப்பாட்டு மேசையில் ஒரு நாள் முழுக்கக் கிடந்த அந்தத் தாளைச் சாமியாரிடம் கொடுக்க லாசர்தான் எடுத்துப்போனார்.

பூசைக்கு, ஜெனவியேவின் மகள் ஷார்லோத்தைப் பெண் கேட்டிருந்த குடும்பமும் புறநகரான கார்ஜ் லே கொனெஸிலிருந்து வந்திருந்தது. சாமியார் வாசித்தார். எட்டே பெயர். தாத்தா இல்லை.

பூசை முடிந்ததும் ஜெனவியேவ் கோயில் வாசலிலேயே அண்ணனைப் பிடித்தார். "அவரு சுமந்த மூட்டையிலதானேண்ணே நம்ம குடும்பமே வளர்ந்துது? அவர் பேரையே அடிச்சிட்டியே, தூ! நீயெல்லாம் மனுசனா?"

"ஆண்டவர்மேல சத்தியமா நான் அடிக்கலை. நீயே பாரு." சாமியாரிடமிருந்து திரும்ப வாங்கிய தாளை லாசர் நீட்டினார். முதல் பெயர்மேல் பச்சை மையில் கோடு. வீட்டில் பச்சை மைப் பேனா ஷார்லோத்திடம் மட்டும்தான் உண்டு.

"கத்தாதே மம்மா, நான்தான் அடிச்சேன்," என்றாள் மகள் மெல்ல. "அவங்க வீட்டுல என்ன நினைப்பாங்க?"

பெற்ற மகளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. காலையில் அரைமணி நேரம் சூட்டுக் கம்பியால் இழுத்து நேராக்கிய மகளின் முடி, நெற்றியில் பொடிப்பொடியாகச் சுருள ஆரம்பித்திருந்தது. தாத்தாவின் முடி.

ஜெனவியேவ் அந்தச் சுருளை விரலால் பிடித்தார்.

"ஜோசப் மமாது!" என்று வாசலே அதிரச் சொன்னார். மாப்பிள்ளையின் தாய் திரும்பிப் பார்த்தாள். "இதை எந்த மையால அடிப்பே?"