அக்கா காட்டிய இடம்

பொலிஸில் சேர்ந்து பதினான்கு வருடங்களாகின்றன. மருதமுனையிலிருந்து ஸ்கூட்டியில் போய்வருகிறேன். கடற்கரையோரத்து நிலையமொன்று, பெயர் வேண்டாம். தமிழும் சிங்களமும் தெரிந்த பெண் அங்கே நான் ஒருத்திதான். அதனால் எந்தப் பெண்ணை விசாரித்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதிகாரி சிங்களத்தில் கேட்பார், நான் தமிழில் கேட்பேன், வரும் பதிலைச் சிங்களத்தில் சொல்வேன். நாலைந்து பேருக்கு இப்படிப் பேசி முடித்துவிட்டு வீட்டுக்குப் போனால் பிள்ளைகளோடு கதைக்க வாய் வராது.

அந்த அக்காவைக் கூட்டிவந்த அன்று, முதல்நாள் மாலையிலிருந்தே நான் கடமையில் இருந்தேன். சாட்டாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது.

அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தம்பிலுவிலிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, எங்கள் முஸ்லிம் ஆட்களின் வீடொன்றில் சமையலும் துவையலும் பார்ப்பவர். அந்த வீட்டு மருமகளின் தங்கச் சங்கிலி காணாமல் போயிருந்தது. வீட்டுக்குள் வந்துபோகும் வெளியாள் அவர் மட்டும்தான் என்று முறைப்பாட்டில் இருந்தது.

விசாரித்த அதிகாரி கெட்டவரில்லை. சத்தம் போடமாட்டார், கை நீட்டமாட்டார். அக்காவுக்குத் தேத்தண்ணீர் எடுப்பித்துக் கொடுத்துவிட்டுத்தான் கேட்கத் தொடங்கினார். அவர் கேட்டதை நான் கேட்டேன்.

"திங்கக்கிழமை மருமகள்ட அறையக் கூட்டினீங்களா?"

"ஓம் மிஸ்."

"மேசையில சங்கிலி கிடந்திரிக்கி. கண்டிருப்பீங்க."

"ஓம்."

"கண்டு எடுத்திருக்கீங்க."

"ஓம் மிஸ்... இல்ல மிஸ், நான் எடுக்கல்ல."

எங்கள் பக்கத்தில் ஒருவர் கதைக்கும்போது மற்றவர் இடையிடையே ஓம் போடுவார். கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள் என்பதுதான் அதற்குப் பொருள். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் இன்னும் அதிகம். அதிகாரிக்குத் தெரிந்த ஏழெட்டுத் தமிழ்ச் சொற்களில் ஓமும் ஒன்று; அவருக்கு அதன் பொருள் ஆம் மட்டும்தான். நான் வாய் திறப்பதற்குள் எழுதிவிட்டார்.

"சேர், அது அப்படியில்லை" என்றேன்.

"முதலில் ஓம் என்று சொன்னாளா, இல்லையா?"

விளக்கிச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்கு என்னிடம் தெம்பில்லை. சொன்னார் என்றேன்.

அதற்குப் பிறகு அக்கா எத்தனை தரம் இல்லை என்றாலும், "முதல்ல ஓம் என்டு ஏன் சொன்னீங்க?" என்ற கேள்விதான் போனது. கேட்ட வாய் என்னுடையது. பகல் பன்னிரண்டு மணிபோல அவர் மறுப்பதை நிறுத்திவிட்டார். தனக்குள்ளேயே தேட ஆரம்பித்தார்.

"கூட்டித் தள்ளக்குள்ள குப்பையோட போயிருக்குமோ மிஸ்? அண்டைக்கு உடுப்புக் கூடையையும் நான்தான் தூக்கினன். அதுக்குள்ள விழுந்திருக்குமோ?"

வழிக்கு வருகிறாள் என்றார் அதிகாரி. எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் தோன்றியது. எடுத்தவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். அவர்களில் அநேகம் பேர் ஒரே கதையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருப்பார்கள். எடுக்காத இந்த மனுசிக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அதனால்தான் தன் ஞாபகத்தையே சந்தேகித்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் பிறகு யோசித்தது. அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது வீட்டுக்குப் போய்ப் படுப்பதுதான்.

இரண்டு மணியானதும் அக்கா சுவர் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினார்.

"பள்ளிக்கூடம் விட்டிருக்கும். மகள் வந்து வெளியில நிப்பாள். வீட்டுத் திறப்பு என்னட்டத்தான் கிடக்கு மிஸ்."

வீட்டுச் சாவி அவரிடம் இருப்பதைச் சிங்களத்தில் சொன்னேன். உண்மையைச் சொல்லிவிட்டுப் போகட்டும் என்றார் அதிகாரி. அதையும் சொன்னேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "எடுத்தன் எண்டா விடுவாங்களா?"

இந்தக் கேள்வியை ஒரு சொல்லும் குறையாமல் மொழிபெயர்த்தேன். அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"அப்ப எடுத்தன்" என்றார் அக்கா.

எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டபோதுதான் திகைத்துப்போனார். அப்படி ஒரு கேள்வி வருமென்று நினைத்திருக்கவில்லை. வெகுநேரம் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்துவிட்டு, கடற்கரையில் சவுக்கு மரத்தடியில் புதைத்ததாகச் சொன்னார்.

ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனோம். பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம். வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அக்கா ஒரு மரத்தைக் காட்டினார். கான்ஸ்டபிள் ஒருவர் மண்வெட்டியால் வெட்டினார், ஒன்றுமில்லை. "இதில்ல, அங்கால மரம்" என்றார். அங்கேயும் இல்லை. மூன்றாவது மரத்தடியில் அவரே முழங்காலில் விழுந்து கையால் தோண்டினார். நகங்களுக்குள் மண் ஏறிவிட்டது. நானும் பக்கத்தில் குந்தித் தோண்டினேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க மிஸ். இங்கதான் கிடக்க வேணும். உங்களுக்கும் கரைச்சல்."

எங்களுக்கு ஒரு சங்கிலி தர வேண்டியவர் போலவும், அது கிடைக்காததால் எங்கள் முகத்தைப் பார்க்க வெட்கப்படுவது போலவும் இருந்தது.

மறுநாள் நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்தினோம். விளக்கமறியலில் சிறைக்கு அனுப்பினார்கள். மகளைச் சித்தி முறையானவர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன்.

பன்னிரண்டாம் நாள் அந்த வீட்டு மருமகளின் மாமி நிலையத்துக்கு வந்தார். கையில் டிஷ்யூப் பேப்பருக்குள் சங்கிலி. உடுப்புக் கழுவும் மெஷினின் கதவு ரப்பருக்குள் கிடந்திருக்கிறது. மருமகள் கழற்றிய சட்டையோடு போயிருக்க வேண்டும்.

"அல்லாஹ்வே, அந்தப் புள்ளைக்கு என்ன அநியாயம் செஞ்சிட்டம்" என்று வாங்கிலில் உட்கார்ந்து அழுதார்.

முறைப்பாட்டை மீளப் பெற்றார்கள், அக்காவை விடுவித்தார்கள். அதிகாரி கோப்பை எடுத்து, வாக்குமூலத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை வாசித்தார்.

"எடுத்தேன் என்று சொன்னாளே, ஏன்?" என்று என்னிடம் கேட்டார். உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை. ஓம் என்பதைப் பற்றி அப்போது சொன்னேன். தலையாட்டிக் கேட்டார். பிறகு வேறு யாரோ வந்து நின்றதால் எழுந்து போனார்.

சில மாதங்களுக்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் அக்காவைக் கண்டேன். சீருடையில்லாமல் அபாயா போட்டிருந்ததால் என்னை அடையாளம் தெரியாது என்று நினைத்து அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவராகவே வந்து பக்கத்தில் இருந்தார்.

"மிஸ்தானே? உங்களுக்கு என்ன வருத்தம்?"

பிரஷர் என்றேன். தனக்குச் சீனி வருத்தம் என்றார். இப்போது வேறொரு வீட்டில் வேலையாம். மகள் சுகமாம்.

"அக்கா, அண்டைக்கு முதல்ல நீங்க ஓம் என்டதுக்கு என்ன கருத்து என்டு எனக்கு விளங்கினது. நான் ஒழுங்காச் சொல்லிக் குடுக்கல்ல."

கையிலிருந்த இலக்கத் துண்டை மடித்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன்.

"அதில்ல மிஸ். அந்த மரத்தடியில தோண்டக்குள்ள, சங்கிலி கிடக்கும் எண்டுதான் நான் நினைச்சன். பொய் சொல்றன் எண்ட நினைப்பே எனக்கு இல்ல. கிடந்திருந்தா எல்லாரும் வீட்ட போயிருக்கலாம்."

மருந்து கொடுக்கும் ஜன்னலில் அவருடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். வாறன் மிஸ் என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போனார்.