அடுத்த வீட்டு முருங்கை இலை

குறைந்த செலவில் குடும்பத்துக்குச் சத்தான உணவு கொடுப்பது எப்படி என்று ஊர் ஊராகப் போய் வகுப்பெடுப்பது என் வேலை. மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்களில், சுவரில் ஆணியிருந்தால் ஆணியிலும், இல்லாவிட்டால் ஜன்னல் கம்பியிலும் ஒரு சார்ட்டைத் தொங்கவிட்டு, அதிலிருக்கும் ஆப்பிளையும் பால் தம்ளரையும் குச்சியால் தொட்டுக் காட்டுவேன். எதிரே அமர்ந்திருக்கும் பெண்கள் அந்த ஆப்பிளைக் காலண்டர் சாமியைப் பார்ப்பதுபோல மரியாதையுடன் பார்ப்பார்கள். அது அவர்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்றவள் என்பதால், ஆப்பிளை வேகமாகக் கடந்து முருங்கை இலைக்கு வந்துவிடுவேன். முருங்கை இலைக்குக் காசு வேண்டாம். இரும்புச் சத்து ஏராளம். அந்த இடத்தில் கைதட்டல் கிடைக்கும்.

அப்படிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு மணவாளக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறிய ஒரு மாலையில்தான், பள்ளிக்கூடத்தில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் என் மகளுக்கு இரத்தசோகை என்று தெரியவந்தது.

அதை என் தொழிலுக்கு நேர்ந்த அவமானமாகத்தான் முதலில் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகே தாயானேன். பள்ளி விளையாட்டு விழாவில் ஓட்டத்துக்குப் பரிசு வாங்குகிற பிள்ளை, வாசற்படியில் உட்கார்ந்து தெருவில் மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓடப் போகலியா மக்கா?”

“மூச்சு முட்டுதும்மா.”

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரையோடு சாப்பாடும் சேர்ந்தால்தான் பலன் என்றார். காலாண்டு விடுமுறை முடிந்து மறுபடி பார்க்கலாம், அதற்குள் இரத்தம் ஏறவில்லையென்றால் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன் என்று முடித்தார். அந்த ‘எழுதித் தருகிறேன்’ என்பதற்குள் ஓர் ஊசியும் ஒரு கட்டிலும் இருப்பதை என் மகள் உடனே கண்டுகொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வளைகுடாவில் வேலைபார்க்கும் என் கணவர் அன்றிரவே வீடியோவில் வந்தார். “பிள்ளைக்கு மாதுளம்பழம் வாங்கிக் குடு. ஆட்டு ஈரல் குடு.”

“கம்பெனி சம்பளம் போட்டுதா?”

“இங்க நெட்வொர்க் சரியில்லட்டி.”

ஈரலைப் பற்றிப் பேசும்வரை தெளிவாகத்தான் இருந்தது. சம்பளம் என்ற சொல்லை மட்டும் அந்த நாட்டு செல்போன் கோபுரங்கள் கடத்துவதில்லை. ஆகவே, கையிலிருந்ததைக் கொண்டு பிள்ளையை ஓடவைக்க வேண்டியிருந்தது. கையிலிருந்தவை ரேஷன் அரிசி, சிறுபயறு, கொல்லையில் நட்ட மரச்சீனிக் கிழங்கு, மதிலோரத்து முருங்கை மரம். மதிலுக்கு அப்பால் மீன் இருந்தது. அடுத்த வீட்டுக்காரர் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். அவர் மனைவியை நான் மைனி என்று கூப்பிடுவேன். நான் முருங்கை இலையும் கிழங்கும் நீட்டினால் அவர் சாளை மீனை, அதாவது மத்தியை, நீட்டுவார். சாளைக்கு விலை குறைவு, அதனால் மதிப்பும் குறைவு. சத்தில் அது எந்த மீனுக்கும் சளைத்ததல்ல. ஆனாலும் என் சார்ட்டை வரைந்தவர் அதற்கு இடம் ஒதுக்கவில்லை. ஆப்பிள் இடத்தை அடைத்துக்கொண்டது.

முருங்கை இலையைத் தேங்காய் போட்டு வதக்கித் துவரனாக்கினேன். முட்டையில் கலந்தேன். தோசையில் ஒளித்தேன். பொடியாக்கிப் புட்டில் தூவினேன். களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் நிற்பவர்களுக்கு என் மகளின் நாக்கில் பாதி இருந்தால் போதும், கேரள எல்லை தாண்டி ஒரு பொருள் போகாது. ஒவ்வொரு இலையையும் விரலால் எடுத்துத் தட்டின் விளிம்பில் வரிசையாக வைத்தாள். சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கும் பொறுப்பு அவளுடையது. ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு, “ஆண்டவரே, இந்தக் காத்துல அந்த மரம் சாயட்டும், ஆமென்” என்று முடித்தாள். நானும் பழக்கத்தில் ஆமென் சொல்லிவிட்டேன்.

மைனியின் நிலைமையும் மெச்சும்படி இல்லை. அவர் மகன் என் மகளின் வகுப்பு. மீனைக் கண்டால் மூக்கைப் பொத்துவான். தலைமுறை தலைமுறையாகக் கடலை நம்பி வாழும் குடும்பத்தில் பிஸ்கட்டை நம்பி வாழும் ஒருவன் பிறந்துவிட்டதை அவர்கள் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. நாங்கள் இருவரும் மதிலின் இருபுறமும் நின்று பிள்ளைகளைத் திட்டிக்கொள்வோம். அது ஒன்றுதான் எங்கள் இரு வீட்டிலும் செலவில்லாத பொழுதுபோக்கு.

ஒரு மாலை, இரவுச் சாப்பாட்டைச் செய்து மூடிவைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. தேடிக்கொண்டு மைனி வீட்டு அடுக்களை வாசலுக்குப் போனேன். அங்கே என் மகள் சம்மணமிட்டு, மணிக்கட்டுவரை கறி வழிய, மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் முருங்கை இலைத் துவரனும் தின்றுகொண்டிருந்தாள். காலையில் நான் மதில் வழியாகக் கொடுத்த இலை அது.

“என்னட்டி, பேயக் கண்டமாதிரி நிக்க? ஒனக்க மரத்து எலதானே திங்கிது” என்றார் மைனி.

“வீட்டுல இத வாயில வைக்கமாட்டா மைனி.”

“நீ என்ன போட்டு ஆக்கின?”

“தேங்கா, சீரகம், பச்சமொளகா.”

“நானும் அதுதான் போட்டேன். அப்போ கைப்பக்குவம்” என்று தலையைச் சாய்த்துச் சிரித்தவர், திடீரென்று நிறுத்தினார். “எனக்க பய எங்க? ஒனக்க வீட்டுக்குத்தானே வந்தான்.”

இருவரும் என் வீட்டுக்கு வந்தோம். அடுக்களைத் தரையில் அந்தப் பையன் நான் மூடிவைத்திருந்த சட்டியைத் திறந்து, வறுத்த சாளையை முள்ளெடுத்துத் தின்றுகொண்டிருந்தான்.

“ஏலே, இது ஒங்கப்பன் பிடிச்ச மீன்தாம்ல. மத்தியானம் வறுத்து வச்சப்போ கொமட்டுதுன்னு ஓடினியே.”

“அது வேற மீன்.”

“ஒரே வலையில வந்ததுல.”

“மாமி வறுத்தா நாறாது.”

“அப்போ கைப்பக்குவம்” என்றேன் நான்.

பிள்ளைகளைச் சாப்பாட்டு நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று மைனி அங்கேயே தீர்மானித்துவிட்டார். எனக்கு அவ்வளவு எளிதாக எதையும் தீர்மானிக்க வராது. வீட்டுச் சோற்றின் மீது மதிப்பிழக்கும் குழந்தை நாளை வீட்டின் மீதும் மதிப்பிழக்குமோ, இரு வீட்டுச் சமையல் எரிவாயுவில் எவருடையது கூடுதலாகக் கரையும், இது அண்டை வீட்டாரின் உழைப்பைச் சுரண்டுவதாகாதா என்றெல்லாம் எடுத்துவைத்தேன்.

“நீ யோசிச்சி முடிக்கியதுக்குள்ள பிள்ளைக்குக் கல்யாண வயசாயிரும்” என்றார் மைனி.

விளைவுகள் இருக்கத்தான் செய்தன. நாங்கள் புராட்டஸ்டண்ட் சபை, அவர்கள் கத்தோலிக்கர். சில வாரங்களில் என் மகள் சோற்றைக் கண்டதும் அவர்களைப் போலச் சிலுவை அடையாளம் போடத் தொடங்கினாள். எங்கள் சபையின் உபதேசியார் வீட்டுக்கு வந்திருந்தபோது பிஸ்கட் தட்டுக்கு முன்னாலும் போட்டாள். அவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு சட்டி மீன்கறி செலவில் எந்த மிஷனரியும் ஆள் சேர்த்ததில்லை என்று எனக்குத் தோன்றியது, அவரிடம் சொல்லவில்லை.

“அது நம்ம மரத்து எலதான், தெரியுமா?” என்று ஒருநாள் மகளிடம் கேட்டேன்.

“தெரியும். நான்தானே பறிச்சுக் குடுத்தேன்.”

“பின்ன இங்க தின்னா என்ன?”

“அந்த மாமி போன்ல பேசிட்டே மீன் வெட்டுவாங்க. நீ நான் முழுங்குறத எண்ணிட்டு இருப்ப.”

நான் எண்ணிக்கொண்டிருந்தது உண்மை. அதில் இரும்புச் சத்து எவ்வளவு என்றும் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன்.

விடுமுறை முடிந்து டாக்டரிடம் போனோம். சீட்டைப் பார்த்தவர், “கொள்ளாமே, ஏறியிருக்கு. நாகர்கோவிலுக்கெல்லாம் போகாண்டாம். ஆனா இன்னும் ஏறணும், விட்டுராதீங்க. என்ன குடுத்தீங்க?” என்றார்.

“பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன்.”

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

பட்டம் பெற்றவளுக்குத் தன்மானம் என்று ஒன்று உண்டல்லவா? இனி வீட்டிலேயே ஆகட்டும் என்று மைனியிடம் அறிவித்தேன். அன்று மாலை தட்டில் சோறும் சாளைக் கறியும் துவரனும் வைத்துவிட்டு, மகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினேன். ஒரு முறைகூடத் திரும்பவில்லை. இத்தனை ஆண்டுச் சமூகப்பணியில் இவ்வளவு கடினமான ஒன்றை நான் செய்ததில்லை. பின்னால் தட்டு உரசும் ஓசை கேட்டது, பிறகு, “தின்னாச்சும்மா.” திரும்பினேன். தட்டு கழுவியதுபோல் சுத்தமாக இருந்தது. சொல்லமுடியாத நிறைவுடன் அதை எடுத்துக்கொண்டு பின்வாசலைத் திறந்தால், ஜன்னலுக்குக் கீழே எங்கள் கோழி முருங்கை இலைத் துவரனின் கடைசித் துணுக்கைக் கொத்திக்கொண்டிருந்தது. அதற்கு இரத்தம் நன்றாகவே ஏறியிருக்கும்.

மறுநாள் இலையை உருவி எடுத்துக்கொண்டு மதிலருகே போனேன்.

“என்னட்டி, தன்மானம் என்னாச்சி?” என்றார் மைனி.

“கோழி தின்னுட்டு, மைனி.”

அவர் சிரித்து முடிப்பதற்குள் என் பின்னாலிருந்து ஏதோ பாய்ந்தது. என் மகள் மதிலைச் சுற்றித் தெருவழியே அவர் அடுக்களைக்கு ஓடிக்கொண்டிருந்தாள். நடந்து போகவில்லை, ஓடினாள். நடுவில் மூச்சு வாங்க நிற்கவும் இல்லை. எதிரே அந்தப் பையன் ஒரு சட்டியுடன் என் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தான். அதில் அவன் அப்பா அன்று பிடித்த சாளை இருந்தது, நான் வறுப்பதற்கு.