எங்கள் டிவி என்னைப் போட்டுக் கொடுத்தது

தேர்வு முடியும்வரை நான் டிவியைத் தொடக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. மதியம் அப்பாவும் அம்மாவும் குருண் ஊர்த் தொழிற்சாலையில் வேலைக்குப் போயிருந்தபோது கொரிய நாடகம் பார்த்தேன்.

ரிமோட்டில் எதையோ அழுத்திவிட்டேன். திரையில் உள்ளதையெல்லாம் ஒரு பெண்குரல் வாசிக்கத் தொடங்கியது. நிறுத்தத் தெரியாமல் சத்தத்தை மட்டும் குறைத்துவைத்தேன்.

மாலையில் அப்பா செய்தி பார்க்கச் சத்தத்தைக் கூட்டினார்.

"தொடர்ந்து பார்க்க, எபிசோட் பன்னிரண்டு" என்றது குரல்.

"யாரு பார்த்தது?"

நான் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்தேன்.

"நான்தாங்க" என்றார் அம்மா.

அப்பா குளிக்கப் போனதும் அம்மா என் காதைத் திருகினார். "நான் ஒன்பதுலதான்டி நிறுத்தினேன்! அந்த ஹீரோ செத்துட்டானான்னு மட்டும் சொல்லிராத லா!"

போர்வைக்குள் இருந்து உங்களிடம் கேட்கிறேன்: அந்தக் குரலை எப்படி நிறுத்துவது? நாளைக்குப் பதின்மூன்று பார்க்க வேண்டும்.