குதிரையின் வலது கால்

குதிரை என்று சொன்னால் போதும், கச்சேரி ஏற்பாடு செய்கிற எவனும் வண்டி நிறுத்த இடம் ஒதுக்கிவிட்டுத்தான் மறுபேச்சுப் பேசுவான். அப்படிப் பேர் எடுத்தவர். பெற்றவர்கள் வைத்த பேரைக் கேட்டால் அவருக்கே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

கடல் தாண்டிய தேசத்தில் ஒரு ஹெவி மெட்டல் குழு ஒரு காலத்தில் உலகத்தையே உலுக்கி எடுத்தது. அவர்களுடைய பாட்டுகளை மட்டும், மூச்சு வாங்குகிற இடம் உட்பட அச்சு அசலாக, ஊர் ஊராகப் போய் வாசிப்பதுதான் இவருடைய குழுவின் பிழைப்பு. கறுப்புத் தோல் சட்டை, மணிக்கட்டில் ஆணி வைத்த பட்டை, தோளுக்குக் கீழே தொங்கும் முடி. சொந்த முடி இருப்பவனுக்குச் சொந்த முடி, இல்லாதவனுக்குக் கடை முடி. அந்தப் பாட்டுகளின் உயிர் இருப்பதோ பெரிய டிரம்மில். ரெண்டு பெடலை ரெண்டு காலாலும் மாற்றி மாற்றி மின்னல் வேகத்தில் உதைக்க வேண்டும். மற்றவன் உதைத்தால் கடன்காரன் கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும். இவர் உதைத்தால் நாலு கால் பாய்ச்சல். பேர் வந்தது அப்படித்தான்.

பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவில்லை. ஒட்டாமல் போனதும் நல்லதுதான். படித்துக் கிழித்தவன் எத்தனை பேர் சொந்த வண்டி வாங்கினான்? வெல்டிங் பட்டறையில் இரும்புப் பொறி தெறித்துத் தெறித்துத்தான் அவர் கை உரம் ஏறியது. முதல் பெடலை லாரியில் கழித்துப் போட்ட ஸ்பிரிங்கை வைத்துத் தானே பற்ற வைத்துச் செய்தார். சொல்லிக்கொடுக்க ஒருவர் கிடையாது. "குரு யாருங்க?" என்று எவனாவது கேட்டால் முழங்காலைத் தட்டிக் காட்டுவார். டிரம், ஒலிபெருக்கி, வண்டி எல்லாம் அவர் வேர்வை. ஓட்டுவதும் அவரே. "என் வண்டி, என் டிரம், என் காலு. எவன் தயவும் எனக்கு வேணாம்" என்பார். அந்த வாய்க்கு அந்த உடம்பு ஈடு கொடுத்தது.

வண்டிக்குள் வாழ்க்கை என்றால் அது ஒரு தனி நாற்றம். காயாத தோல் சட்டை, சூடான ஒயர், பாட்டுக்காரன் தொண்டைக்குப் போடும் மிட்டாய், கம்பியில் தொங்கும் பொய்முடி. பெட்டிகளுக்கு நடுவே கால் நீட்ட இடம் பார்த்துப் படுக்க வேண்டும். பெட்ரோல் பங்க் குழாயில் பல் தேய்த்து, லாட்ஜில் ஒரு கட்டிலுக்கு ரெண்டு பேர் என்று பங்கு போட்டு, அடுத்த ஊர். வாசிப்பில் எவன் கொஞ்சம் தளர்ந்தாலும் குதிரை விடமாட்டார். பழைய கிட்டார்காரரின் விரல் மந்தமானபோது, அந்த ஆளைப் பேருந்து நிறுத்தத்தில் இறக்கி, கிட்டாரையும் கையில் கொடுத்து, "விரல் போச்சுன்னா வீட்டுக்குப் போறதுதான் மரியாதை" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தவர். பத்து வருஷப் பழக்கம். கண்ணாடியில்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு ரெண்டு வருஷமாக வலது கால் சரியில்லை. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை எறும்பு ஊர்கிற மாதிரி. காலையில் வண்டியில் ஏறும்போது காலைக் கையால் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. கேட்டவர்களிடம் ரொம்ப தூரம் ஓட்டிய வலி என்றார். முதல் வருஷமே குழுவில் யாருக்கும் தெரியாமல் ஒரு டாக்டரிடம் போனார். நரம்பு நசுங்கியிருக்கிறது, இந்த உதைக்கிற வேலையை இன்றே நிறுத்தினால் கால் தேறும், நிறுத்தாவிட்டால் மரத்தே போகும் என்றார் டாக்டர். குதிரை எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்காரி போனில் கேட்டாள்.

"டாக்டரைப் பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேன், பாத்தேன். அவனுக்கு என்ன தெரியும்? அவன் டிரம்மா வாசிக்கிறான்?"

"நீங்க மட்டும் ஊசியா போடுறீங்க? அவர் சொன்னதைக் கேட்டாத்தான் என்ன?"

"அடி போடி. மேடையில ஏறினா காலு தானா வருது. கேட்டவன் சொல்றான், முன்னைக்கு இப்ப இன்னும் ஜோரா இருக்குன்னு."

அது பொய்யில்லை. அன்று சாயங்காலமே மேடையில் வாசித்துப் பார்த்தார். பெரிய டிரம் இடி மாதிரி பேசியது. மறுநாளும் பேசியது. டாக்டர் வாய்க்கு இதைவிட என்ன பதில் வேண்டும்? வலி வர வர அவருக்கு வீம்பு ஏறியது. ஒரு கச்சேரியையும் விடவில்லை.

ஒலிக்கலவைப் பலகையில் உட்காருவது தங்கை வீட்டுக்காரர். எல்லோருக்குமே அவர் மாப்பிள்ளைதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இவர்தான் எல்லார் காதிலும் ஒரு கருவியை மாட்டிவிட்டு, "கடிகாரம் மாதிரி டிக் டிக்னு கேக்கும் மச்சான், உங்க டிரம்மும் இதுலயே கேக்கும், அதோட போங்க. விளக்கு மாறுறதுக்கு வேணும்" என்றார். விளக்குக்காக நான் வாசிக்கணுமா என்று குதிரை முறைத்தார். பிறகு ஒத்துக்கொண்டார். தங்கை முகத்துக்காக.

மோட்டார் பைக் பிரியர்கள் கூடிய ஒரு பெரிய மைதானம். நல்ல வெயில். மேடைத் தகரம் கொதித்தது. குழுவின் அதிவேகப் பாட்டுக்குக் கூட்டம் இரும்புத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டியது. பாதிப் பாட்டில் எதற்கோ குனிந்த குதிரை தன் வலது காலைப் பார்த்தார். பெடல் மேலேயே இல்லை. உதறிவிட்ட செருப்பு மாதிரி பாதம் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. எப்போது நழுவியது என்று அவருக்குத் தெரியாது. உணர்வே இல்லை.

ஆனால் டிரம் நிற்கவில்லை.

காது கெட்டதோ என்று நினைத்தார். இடது காலையும் தூக்கினார். ரெண்டு காலும் அந்தரத்தில். கை மட்டும் பழக்கத்தில் அடித்துக்கொண்டிருக்க, பெரிய டிரம் ஒரு அடி பிசகாமல் நாலு கால் பாய்ச்சலில் ஓடியது. நிமிர்ந்து பலகைப் பக்கம் பார்த்தார். மாப்பிள்ளை சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். கீழே கூட்டம் "குதிரை! குதிரை!" என்று கத்தியது.

கச்சேரி முடிந்து எல்லாப் பெட்டியும் ஏற்றியாயிற்று. குதிரை ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தார்; சாவியைப் போடவில்லை.

"எத்தனை நாளா?"

பின்னால் கிட்டார் வாசிக்கிற ரெண்டு பேரும் ஒயரைச் சுற்றுகிற பாவனையில் இருந்தார்கள்.

"மாப்ளே, உங்களத்தான் கேக்கறேன்."

"ரெண்டு வருஷம் இருக்கும் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "வலது காலு பின்னாடி விழ ஆரம்பிச்சுது. சொல்ல வாய் வரல. பெரிய டிரம் சத்தத்த மட்டும் எடுத்துட்டு..."

"எடுத்துட்டு?"

"பதிஞ்சு வச்சத ஓட விட்டோம்."

"யாரோட காலு அது? நான் முன்ன வாசிச்சதா?"

கேட்கும்போது அவர் குரலில் ஒரு சின்ன ஆசை இருந்தது. மாப்பிள்ளைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"யாரோட காலும் இல்ல மச்சான். கம்ப்யூட்டர்ல போட்டது."

பாட்டுக்காரன் பொய்முடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். உச்சஸ்தாயியில் ஊதுவதால் அவனுக்குச் சங்கு என்று பேர். மனசில் பட்டதைப் போட்டு உடைக்கிறவன். "அண்ணே, வேற என்ன செய்யச் சொல்றீங்க? கிட்டார்காரர இறக்கிவிட்ட மாதிரி உங்களயும் இறக்கிவிடணுமா? வண்டி உங்களுது. உங்கள இறக்கிட்டு நாங்க எதுல போறது?"

"அட வாய மூடுய்யா" என்றார் மாப்பிள்ளை.

"அவன் சொல்லட்டும்" என்றார் குதிரை. "அவன் ஒருத்தன்தான் உள்ளதச் சொல்றான்." ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தார். "நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா காலாவது மிஞ்சியிருக்கும். டாக்டர் அப்பவே நிறுத்தச் சொன்னாரு. டிரம்முதான் பேசுதே, காலுக்கு ஒண்ணுமில்லன்னு நான் பாட்டுக்கு இருந்துட்டேன்."

மாப்பிள்ளை முகம் செத்துவிட்டது. "டாக்டரப் பாத்தீங்களா? எங்ககிட்ட ஒரு வார்த்தை..."

"சொல்லல."

அதற்கு மேல் யார் யாரைக் குற்றம் சொல்வது? அவர் மறைத்தது வீம்பில். இவர்கள் மறைத்தது பாதி பாசத்தில், பாதி வண்டிக்காக. ரெண்டும் சேர்ந்து ஒரு காலைத் தின்றுவிட்டன. சாவியை மாப்பிள்ளையிடம் நீட்டினார். வண்டி வாங்கிய நாளிலிருந்து அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தது அன்றுதான்.

மறுநாள் மத்தியானம் அடுத்த ஊர். பூட்டிக் கிடந்த சினிமாக் கொட்டகையைக் கச்சேரி மண்டபமாக மாற்றியிருந்தார்கள். நாற்காலிகள் காலி. ஒரு அம்மா துடைப்பத்தால் வரிசை வரிசையாகப் பெருக்கிக்கொண்டிருந்தார். குதிரை டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்து பெடல்களை இறுக்கினார்.

"அந்தக் கம்ப்யூட்டரக் கழட்டு மாப்ளே. என் காலு மட்டும்."

"வேணாம் மச்சான்."

"கழட்டுங்கறேன்ல!"

மாப்பிள்ளை கழற்றினார். குதிரை கண்ணை மூடினார். இரும்பு அடித்த உடம்பு, ஸ்பிரிங்கில் பெடல் செய்த கை, இத்தனை மேடை பார்த்த வைராக்கியம் எல்லாவற்றையும் அந்தக் காலுக்குள் இறக்கினார். இடது கால் உதைத்தது. வலது கால் வந்தது, லேட்டாக. மறுபடி இடது. மறுபடி லேட்டு. பிறகு வரவே இல்லை. நொண்டி ஒருவன் மாடிப்படி இறங்குகிற மாதிரி சத்தம் அந்தக் காலி மண்டபத்தில் எதிரொலித்தது. பல்லைக் கடித்து இன்னும் வேகம் கூட்டினார். தொடை துள்ளியது; பாதம் கீழே தொங்கியது. பெருக்குகிற அம்மா ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

"போதும்ணே" என்றான் சங்கு. வழக்கமான கிண்டல் குரலில் இல்லை.

குதிரை நிறுத்தினார். வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. இறங்கிப் போக ஒரு வீடு இருந்தது. அங்கே போய் என்ன சொல்லிக்கொண்டு உட்காருவது? பட்டறையில் நிற்கவும் ரெண்டு கால் வேண்டும். வண்டி இல்லாமல் இந்த நாலு பேருக்கும் அடுத்த ஊர் கிடையாது. மேடையிலிருந்து பலகைப் பக்கம் பார்த்தார்.

"திருப்பிப் போடு."

"மச்சான்..."

"போடுங்கறேன். சத்தத்தக் கொஞ்சம் தூக்கியே வை. பின்வரிசைக்கும் கேக்கணும்."

அன்று சாயங்காலம் மண்டபம் நிறைந்தது. அதிவேகப் பாட்டு வந்ததும் குதிரை ரெண்டு பாதத்தையும் பெடலைவிட்டு எடுத்து, தரையில் பொத்தென்று வைத்துக்கொண்டார். கை தன்பாட்டுக்கு அடித்தது. ஊரில் எவன் வாசித்தாலும் குற்றம் கண்டுபிடிக்கிற காதைத் தீட்டிக்கொண்டு அந்த உதையைக் கேட்டார். எங்கேயாவது ஒரு அடி முந்தும், ஒரு அடி பிந்தும், ஒரு இடத்தில் மூச்சு வாங்கும் என்று பாட்டு முடியும்வரை காத்திருந்தார்.

ஒன்றும் பிசகவில்லை. அவர் வாசித்த எந்த நாளிலும் அது அத்தனை சுத்தமாக இருந்ததில்லை.