ராஜபாயின் சுவிஸ் தபால்தலைகள்

பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் ராஜபாய் நர்சாக இருந்தாள். அவளோடு வேலை பார்த்த மார்த்தா 1938-ல் சுவிட்சர்லாந்துக்குத் திரும்பிப்போன பிறகும் மறக்காமல் கடிதம் எழுதினாள். அடுத்த வருஷம் போர் வந்தது. மார்த்தாவின் நாடு எந்தப் பக்கமும் சேரவில்லை, ஆனால் சுற்றிலும் சண்டை. கடிதங்கள் தணிக்கைக்காரர்கள் பிரித்து ஒட்டியபடி ஆறேழு மாதம் கழித்து வந்தன. சில வரவே இல்லை. ஒவ்வொரு உறையிலிருந்தும் தபால்தலையை ஆவியில் காட்டி உரித்து, ஒரு தடித்த நோட்டில் சேர்த்துவைத்தாள் ராஜபாய். போர் முடிந்தபோது நூற்றுப் பத்து இருந்தன.

அவள் தம்பி சுந்தரதாஸ் பள்ளி வாத்தியார். மலையாள ஆட்சியில் இருந்த தமிழ்த் தாலுகாக்கள் மதராசோடு சேரவேண்டுமென்ற போராட்டத்தில் முன்னால் நின்றான். 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராட்டக்காரர்கள் மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்த மறுநாளே அவன் தலைமறைவானான். நாலாம் நாள் மத்தியானம் போலீஸ் வீட்டைச் சோதனை போட்டது. அவன் அகப்படவில்லை. தபால்தலை நோட்டு அகப்பட்டது. ராஜபாயையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"இது எந்த நாட்டு ஸ்டாம்ப்? மூணு பாஷையில என்னமோ எழுதியிருக்கே" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சுவிஸ் ஆக்கும் சார். யுத்தத்துல தாக்குப்பிடிக்கப் பழைய சாமானெல்லாம் சேர்த்து வைக்கச் சொல்லி அந்த கவர்மென்டு போட்டது."

அவர் நம்பவில்லை. "தம்பி எங்கே?"

அவன் பொழியூரில் ஒரு மீன்பிடிக்காரர் வீட்டில் இருந்தான். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ராஜபாய்க்குப் பொய் வரவில்லை.

"தெரியும். சொல்லமாட்டேன்."

இரண்டு நாள் பெஞ்சிலேயே உட்கார்த்திவைத்தார்கள். தபால்தலைக்குப் பின்னால் ரகசிய எழுத்து இருக்குமோ என்று அவள் கண்ணெதிரிலேயே ஒரு கான்ஸ்டபிள் அவற்றைக் கொதிநீரில் போட்டான். சாயம் கலங்கியது. எழுத்து எதுவும் தென்படவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் ஈசாக் வந்து ஜாமீனில் எடுத்தபோது, ஒரு தாள் பொட்டலத்தில் கூழாகிப்போனதைக் கையில் கொடுத்தார்கள். வழியில் தாமரைக்குளத்தங்கரையில் அதைப் போட்டுவிட்டாள்.

போலீஸ் கெடுபிடி தணிந்தபின், தை மாதம் சுந்தரதாஸ் வந்தான். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"போட்டும் அக்கா. ஸ்டாம்புதானே. சனம் செத்துக் கிடக்கு."

அவன் சொன்னது சரிதான். அதுதான் அவளை வருத்தியது.

1956-ல் எல்லைக் கோடு விழுந்தது. விளவங்கோடு தாலுகா மதராசுக்குப் போயிற்று. பாறசாலை கேரளத்தில் நின்றது. சுந்தரதாஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் குழித்துறையில் வேலை வாங்கிக்கொண்டு கிளம்பினான்.

"நீயும் வா அக்கா. இனி நமக்கு இங்க என்ன உண்டு?"

"வார்டுல இருபது பேர் கிடக்காவ. நீ போ மக்கா."

நாலு மைல்தான் தூரம். ஆனாலும் அவன் வருவது கிறிஸ்துமசுக்கு மட்டும் என்றாயிற்று. மார்த்தாவின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. ராஜபாய் எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாள். உறைகளை, ஆஸ்பத்திரி ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த வேலாயுதன் தபால்தலை சேர்க்கக் கேட்டான். தபால்தலையோடு அப்படியே கொடுத்துவிட்டாள்.